நூறு தாலந்து போனால் என்ன?

தியான வசனம்: 2 நாளாகமம் 25:9



யூதாவின் ராஜா அமத்சியா நூறு தாலந்து வெள்ளி கொடுத்து, இஸ்ரவேலிலிருந்து லட்சம் பேரை யுத்தத்துக்குக் கூலி பேசினான். அவர்களை அனுப்பிவிடச் சொன்னான் தேவனுடைய மனுஷன். ராஜாவுக்கு உடனே வந்த கவலை என்ன? கொடுத்த பணம் போச்சே! அதைவிட அதிகமாய்க் கொடுக்கக் கர்த்தரால் கூடும் என்று பதில் வந்தது. அவன் கீழ்ப்படிந்தான், ஜெயம் பெற்றான்.

நம் நாட்டிலும் இந்தக் கேள்வி எழும்பியது. 1937-ல் சென்னை மாகாண ஆட்சிக்கு வந்த ராஜாஜி, அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை வருமானம் போனால் கஜானா என்னவாகும் என்றார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1939-ல் விற்பனை வரி வந்தது. 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

பிறகு நடந்ததைப் பாருங்கள்! நம் விருதுநகரில் பிறந்த காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சர். அப்போதும் மதுவிலக்கு இருந்தது. சாராயக்கடைப் பணம் இல்லாமலேதான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டார், ஊர் ஊராய்ப் பள்ளிக்கூடம் திறந்தார்.

1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், 92 வயதான ராஜாஜி முதலமைச்சர் கருணாநிதியின் வீடு தேடிப்போய், வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கடைகள் திறந்தன. அடுத்த ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி அவர் காலமானார். இன்று மதுவினால் அரசுக்கு ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிறது.

ராஜாஜி கிறிஸ்தவர் அல்ல. ஆனாலும் பாவக்கூலியை வேண்டாம் என்று சொல்லும் தைரியம் அவருக்கு இருந்தது. அபிஷேகம் பெற்ற நமக்கு?

"கடைக்கு இடம் விட்டா நல்ல வாடகை வருது பாஸ்டர், எப்படி விடுறது?" என்று கேட்கும் தேவபிள்ளையே, அதுதான் உன்னுடைய நூறு தாலந்து! சனிக்கிழமை பட்டாசு ஆலையில் சம்பளம் வாங்கி வருகிறவனை வழியிலே மறிக்கிறது உன் கட்டடம். வாரமெல்லாம் மருந்தில் வெந்த கைக்காசு அங்கேயே போய்விடுகிறது. வீட்டிலே அவன் பெண்சாதி அரிசிக்குக் கடன் கேட்டு நிற்கிறாள். அந்த வாடகையில் தசமபாகம் கொண்டுவந்தால் கர்த்தர் பிரியப்படுவாரா?

குடிக்கு அடிமையான சகோதரனே, உன்னையும் இயேசு விடுவிக்க வல்லவர். இந்தச் சனிக்கிழமை சம்பளக் கவரைப் பிரிக்காமல் மனைவி கையில் கொடு. அங்கிருந்து தொடங்கட்டும் எழுப்புதல்!

சட்டம் கடையை மூடும், மறுபடியும் திறக்கும். கர்த்தர் மூடின கதவை ஒருவனாலும் திறக்க முடியாது. அல்லேலூயா! விட்டுவிட்டதைவிட அதிகமாய்த் தருகிற தேவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.