முள்ளுக்குப் பயந்தவன் ஊர் போய்ச் சேரமாட்டான்

தம்பி, சிப்காட்டில் ஆறு மணி ஷிப்டுக்குச் சங்கு ஊதப் போகிறது. உன் சைக்கிளின் பின்சக்கரம் தரையோடு படுத்துவிட்டது. கருவேல முள்ளோ, லாரி சிந்திய இரும்புச் சீவலோ, ஏதோ ஒன்று. பஞ்சர் கடை இன்னும் திறக்கவில்லை. தலையில் கை வைத்து உட்காரப் போகிறாயா? எழுந்திரு!

பக்கத்தில் தேர்வாய்கண்டிகையில் மிச்செலின் ஆலை இருக்கிறதே, அந்தக் கம்பெனி டயர் தொழிலில் இறங்கியதே ஒரு சைக்கிள் பஞ்சரால்தான். ஒரு நாள் பிரான்சின் கிளெர்மோன் ஃபெராங்கில் இருந்த அவர்கள் ஆலைக்கு ஒருவர் காற்றுப்போன டயரோடு வந்து நின்றார். அப்போதெல்லாம் டயரை ரிம்மில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். பிரித்து ஒட்ட மூன்று மணி நேரத்துக்கு மேல், காய ஓர் இரவு. மறுநாள் ஓட்டினால் சில நூறு மீட்டரில் மறுபடி புஸ்! கம்பெனியை நடத்திய எதுவார் மிச்செலின் படித்தது ஓவியம். ஆனாலும் விட்டாரா? 1891-இல் கழற்றி மாட்டும் டயருக்குக் காப்புரிமை வாங்கினார். அதே ஆண்டு பாரிஸ் – பிரெஸ்ட் – பாரிஸ் சைக்கிள் பந்தயத்தில், சுமார் 1,200 கிலோமீட்டர், அந்த டயரோடு ஷார்ல் தெரோன் ஜெயித்தார்.

எதுவார் பட்ட பாட்டில் கால்வாசிகூட உனக்கு இல்லை. லீவர் போட்டு டயரை நெம்பு. ட்யூபில் காற்றடித்து வாளித் தண்ணீரில் அமுக்கு. குமிழி வரும் இடம்தான் ஓட்டை. துடைத்து, உப்புத்தாளால் தேய். பேட்சுக்குக் காசு வேண்டாம். தூக்கிப்போட்ட பழைய ட்யூபில் மூலையில்லாமல் வட்டமாக வெட்டு, அதையும் தேய். இரண்டிலும் சொல்யூஷனை மெல்லிசாகத் தடவு. இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள், ஈரத்தோடேயே ஒட்டிவிடுவார்கள். பளபளப்பு போய், விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பொறு. பிறகு அமுக்கி ஒட்டி, சுத்தியலால் தட்டு. டயரின் உள்பக்கம் தடவி முள்ளைப் பிடுங்க மறக்காதே. மறந்தால் தெருமுனையிலேயே அடுத்த பஞ்சர்!

தங்கையே, உனக்கும்தான் சொல்கிறேன். பிளஸ் ஒன்னில் அரசு தந்த சைக்கிள் காற்றிறங்கிச் சுவரோரம் சாய்ந்திருக்கிறதா? அண்ணன் வரட்டும் என்று காத்திருக்காதே. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி எழுத்தறிவு இயக்கத்தால் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகியபோது கேலி செய்யாத வாய் இல்லை. அவர்கள் மிதிப்பதை நிறுத்தவில்லை.

‘எனக்கு வராது’ என்பதை இன்றோடு விடு. சொல்யூஷன், உப்புத்தாள், பம்பு வாங்கிப் பையில் வை. பஞ்சராகட்டும் என்று காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே நல்ல ட்யூபைக் கழற்றி மாட்டிப் பழகு.