அவசரத்தில் இருந்த ஆசாரியன்

எங்கள் கல்லூரியில் முதலாண்டு எல்லோருக்கும் பொது. இரண்டாம் ஆண்டு தொடங்கும் முன் மேஜர் எது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உளவியலா, சமூகவியலா, பொருளாதாரமா என்று தோழிகள் வேலைவாய்ப்பை வைத்துப் பேசிக்கொள்கிறார்கள்; நியாயமான பேச்சுதான். உபதேசியார் வீட்டுப் பெண்ணான எனக்கு அதற்கு முன் ஒன்று தெளிய வேண்டியிருக்கிறது. மனிதர் நடந்துகொள்ளும் விதத்துக்கெல்லாம் காரணம் சொல்லிவிட்டால், பாவம் என்று ஒன்று மிஞ்சுமா?

கேள்வியைக் கிளப்பியது உளவியல் வகுப்பில் படித்த ஒரு சோதனை. ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் 1973இல் வெளியிட்டது. பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேர் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சிறு உரை நிகழ்த்த வேண்டும். பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் உவமை. வழியில் ஒரு வாசலில், தலை கவிழ்ந்து இருமி முனகியபடி ஒருவர் சரிந்திருக்கிறார். ஆய்வாளர்கள் ஏற்பாடு செய்த ஆள். நிறைய நேரம் இருக்கிறது என்று அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஏற்கெனவே தாமதம் என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம். உரையின் தலைப்பால் உறுதியாகச் சொல்லத்தக்க வித்தியாசம் எதையும் ஆய்வாளர்கள் காணவில்லை. மார்க்கப் பற்றைக் கேள்வித்தாள் வைத்து அளந்தார்கள். யார் நிற்பார் என்று அதைக் கொண்டும் சொல்ல முடியவில்லை.

அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். உவமையில் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டும் விலகிப் போன இருவரை நினைத்து, "அப்போ அந்த ஆசாரியனும் லேவியனும் குத்தவாளி இல்லங்கியா?" என்று கேட்டார்.

குற்றவாளிகள்தான். ஆனால் அந்தக் குற்றம் எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் வழியில் தொடங்கவில்லை, அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். விரைந்து போனவர்களில் சிலர் போய்ச் சேர்ந்தபோது கலங்கியிருந்ததாக ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அங்கே ஒருவர் காத்திருக்கிறார், இங்கே ஒருவர் கிடக்கிறார். அந்த இழுபறியைக் கல்நெஞ்சம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதுவரை உளவியல் கூட்டிவருகிறது. அந்த அவசரத்தை உண்டாக்கியது யார் என்று கேட்கச் சமூகவியல் வேண்டும். மாக்ஸ் வெபர் 1904, 1905இல் எழுதிய கட்டுரைகளில், பியூரிட்டன் கிறிஸ்தவர்களுக்கு நேரத்தை வீணாக்குவதே பாவங்களில் தலையாயதாக இருந்தது என்று காட்டுகிறார். விழுந்தவனுக்காக நில் என்று போதித்த மார்க்கமே, ஒரு நிமிடமும் நிற்காதே என்றும் போதித்திருக்கிறது. இதை வாசித்த அன்று வெகுநேரம் ஜெபிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் சாமான் வீட்டுக்கு வர வேண்டும் என்று ஒரு டெலிவரி பையனை விரட்டும்போது, அவன் வழியில் யாரைக் கடந்து வருகிறான் என்பதில் எனக்கும் பங்கு உண்டு. என் பாவ அறிக்கையில் இதற்கு இதுவரை இடமே இருந்ததில்லை.

சமூகவியல் மேஜர், உளவியல் மைனர் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். அப்பாவுக்கு இதில் மனத்தாங்கல் இல்லை. விரட்டப்பட்டும் நின்றாரே, பத்தில் அந்த ஒருவர், அவரைப் பற்றித்தான் அப்பா திரும்பத் திரும்பக் கேட்கிறார். அந்த ஒருவருடைய ஊர், வளர்ப்பு, ஜெபம் எதுவும் என் பாடப்புத்தகத்தில் இல்லை. அது கிருபை என்கிறார் அப்பா. நான் மறுக்கவில்லை. மற்ற ஒன்பது பேருக்கு அந்தக் கிருபை எட்டாதபடி எது தடுத்தது என்று படிக்கப் போகிறேன்.