புகழுரையா, பொய்யுரையா?

மாண்டோரைப் புகழத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. கையறுநிலை, இரங்கற்பா, ஒப்பாரி, புகழஞ்சலி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். சொல் பெருகிற்று, அதனுள் உண்மை பெருகிற்றா? இதுவே நம் கேள்வி.

தொல்காப்பியம் கையறுநிலையைப் புறத்திணையிலே வைத்தது. செய்வதறியாது கலங்கி நிற்கும் நிலை அது. பாரி மாண்டபோது கபிலர் கலங்கினார். அதியமான் மாண்டபோது ஔவை அழுதார். அவர்கள் பாடியது மேலுலகப் பதவிக்கான பரிந்துரை அன்று. ஈந்த கை இனி இல்லையே என்ற ஏக்கம்! ஒப்பாரி என்ற சொல்லும் ஒப்புமையைக் குறிப்பதே. ஒப்பிட அளவுகோல் வேண்டாமா? உண்மையன்றி வேறு அளவுகோல் உண்டா?

திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, வைகைப் பள்ளத்தாக்கிலுள்ள புலிமான்கோம்பையில், 2006-ஆம் ஆண்டு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட நடுகற்கள் கிடைத்தன. தமிழி எழுத்துப் பொறித்த அவற்றுள் ஒன்று கூறுவது என்ன? மாண்டவன் பெயர், ஊர், ஆநிரைப் பூசலில் அவன் பட்ட செய்தி. அவ்வளவே! வள்ளல் என்ற அடைமொழி இல்லை. வானுலகம் புக்கான் என்ற வருணனை இல்லை.

இன்றோ? சமவெளிச் சிற்றூர் ஒன்றிலே பண்ணையார் ஒருவர் மாண்டார் என்று வைத்துக்கொள்வோம். கூலியைக் குறைத்தவர், சேரியை ஒதுக்கியவர். சுவரொட்டியோ அவரை 'ஏழை பங்காளர்' என்கிறது, 'சிவலோக பதவி அடைந்தார்' என்கிறது. பறை முழக்க ஒருவன் அழைக்கப்படுகிறான். விருப்பத்தால் அன்று, பிறப்பால்! தான் பட்ட பாடெல்லாம் பொய் என்று ஊரார் தீர்ப்பளிப்பதை, கொட்டு முழக்கியபடியே அவன் கேட்டு நிற்கிறான்.

செத்தவரைக் குறை கூறலாமோ என்பர் பண்பாளர். அழுது நிற்கும் மனைவி மக்கள் முன் குற்றப்பத்திரிகை படிக்கச் சொல்லவில்லை நாம். வாய்மூடி நிற்பது பண்பு. வாய்திறந்து பொய்யுரைப்பது பண்பன்று. இறந்தவருக்குப் பொய்யால் பயனில்லை. இருப்பவருக்கோ அதனால் இழுக்கு உண்டு.

இன்னொரு கேள்வி: புகழ் யாருக்கு? 1801-இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால நாயக்கரை நாடறியும், போற்றுகிறோம், தகும். அவரோடு நின்று மடிந்த எளிய வீரர்களின் பெயரை யாரறிவார்? திண்டுக்கல்லின் பூட்டுப் பட்டறையிலே அரம் பிடித்துக் கை காய்த்தவனுக்கும், தோல் பதனிடும் தொட்டியிலே காலம் கழித்தவனுக்கும் எந்த மேடை புகழ் பாடிற்று?

'இயற்கை எய்தினார்', 'புகழ் வணக்கம்' என்ற சொற்களைப் பகுத்தறிவாளர் வழங்கினர். நல்ல மாற்றம். ஆனால் பதவியில் இருந்தார் என்பதற்காகவே ஒருவருக்கு 'வீரவணக்கம்' முழங்கினால், பழைய பொய் புதுச் சட்டை போட்டதாகும், அவ்வளவே!

இளைஞர்களே! இரங்கல் கூட்டம் நடத்துங்கள். செய்ததைச் சொல்லுங்கள், செய்யாததைச் சேர்க்காதீர்கள். அந்தப் பறை முழக்கியவன் மாளும் நாளில் அவன் பெயரையும் ஊரையும் உழைப்பையும் மேடையேற்றுங்கள். அவன் மகன் அந்தப் பறையைப் பிறப்பின் பேரால் சுமக்காதிருக்கச் செய்யுங்கள். புகழுரைக்குப் பொருள் அங்கேதான் பிறக்கும்.