தோல் பதனிட்டவர்களின் வீடு

தென் பிரான்சில் அவேரோன் என்னும் ஆறு சுண்ணாம்புப் பாறைகளின் அடியை ஒட்டி வளைந்து, பொனெத் என்ற சிற்றாற்றைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் இடத்தில், சேன்ட் அந்தோனேன் என்ற சந்தைக் கிராமம் இருக்கிறது. அங்கே, இரு புறமும் அண்டை வீடுகள் நெருக்கி நிற்கும் ஒடுங்கிய மாடிவீடு ஒன்றை எட்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தேன். பழைய கல்வீடு, அண்மையில் புதுப்பித்திருந்தார்கள். கீழே பட்டறையாக இருந்த தளம் சமையலறையாகியிருந்தது. காற்றும் வெயிலும் தடையின்றிப் புகவேண்டி ஒரு காலத்தில் கூரையடியில் திறந்தே விட்டிருந்த மேல்மாடத்துக்குக் கண்ணாடி அடைத்துப் படுக்கையறை ஆக்கியிருந்தார்கள். உத்திரங்களில் பாதி புதியவை. தரையும் சாந்தும் முழுவதும் புதியவை. நான் படுத்திருப்பது பழைய வீட்டிலா, அல்லது பழைய வீடு நின்ற இடத்திலா என்ற சம்சயம் முதல் இரவே என்னைப் பற்றிக்கொண்டது.

அந்த ஊருக்கே இந்த விவகாரம் பழக்கமானதுதான். அங்கே 12-ஆம் நூற்றாண்டில் எழுந்த மாளிகை ஒன்று இருக்கிறது. அதன் முகப்பில் ஆதாமும் ஏவாளும் ஒரு தூணிலும், சட்டநூலை ஏந்திய ஜஸ்டினியன் சக்கரவர்த்தி மற்றொரு தூணிலும் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். 1840-களில் அதைச் செப்பனிட வந்த வியோலே-லெ-துய்க் என்னும் கட்டடக்கலை மேதை, முன்பு இருந்திராத இத்தாலியப் பாணிக் கோபுரம் ஒன்றை அதன் பக்கத்தில் எழுப்பிவிட்டுப் போனார். ஒரு கட்டடத்தைப் புதுப்பிப்பது என்றால், எக்காலத்திலும் அது அடைந்திராத பூரணத்தையும் அதற்கு அளிக்கலாம் என்பது அவர் கொள்கை. ஆங்கிலேயரான ரஸ்கினோ, 1849-இல் வெளிவந்த தம் நூலில், புதுப்பித்தல் என்பதே ஒரு பொய், கட்டடத்துக்கு நேரக்கூடிய நாசங்களில் அதுவே முழு நாசம் என்று சீறினார். அந்தச் சீற்றத்தில் பக்தி இருக்கிறது. ஆனால் மனிதர் உண்டு உறங்குவதற்கென்று எழுப்பிய ஒன்றை யாரும் தொடாத இடிபாடாக வைத்து வணங்குவதை என் மனம் ஒப்பவில்லை.

நம் தர்க்க சாஸ்திரிகள் இந்தக் கேள்வியை இன்னும் கடுமையாகவே கேட்டிருக்கிறார்கள். துணியிலிருந்து ஓர் இழையை உருவினாலும் முந்தைய துணி அழிந்தது, எஞ்சிய இழைகளிலிருந்து வேறொரு துணி பிறந்தது என்பார் வைசேஷிகர். அவர் வழியில் போனால் முதல் உத்திரத்தைக் கழற்றிய க்ஷணத்திலேயே என் வீடு போயிற்று. மிலிந்தன் என்னும் யவன அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர், சக்கரமும் அச்சும் நுகமும் தேர் அல்ல, தேர் என்பது அவற்றின் சேர்க்கைக்கு நாம் இட்டு வழங்கும் பெயரே என்று காட்டினார். அவர் வழியில் போனாலோ, அழிவதற்கு வீடு என்ற ஒன்று முதலிலிருந்தே இல்லை. இரண்டும் மறுக்க அரிய வாதங்கள். ஆயினும் ஒரு வீட்டின் வாசலில் நிற்பவனுக்கு இரண்டும் போதவில்லை.

கோயில்களில் ஜீர்ணோத்தாரணம் செய்யும் நம்மவர், திருப்பணி தொடங்குமுன் மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தைக் கலாகர்ஷணம் செய்து கும்பத்தில் இறக்கி, பாலாலயத்தில் வைத்து நாள்தோறும் பூசை நடத்தி, பணி முடிந்து கும்பாபிஷேகம் ஆகும்போது மீண்டும் மூலஸ்தானத்தில் சேர்க்கிறார்கள். கல்லும் சுதையும் மாறலாம். அங்கு உறைவது ஒரு நாளும் ஆதரவின்றி விடப்படவில்லை என்பதே அந்தச் சடங்கின் உட்பொருள் என்று நான் கொள்கிறேன். அப்படியானால், கொத்தனார்கள் வந்து கூரையைப் பிரித்த நாட்களில் இந்த வீட்டில் உறைந்தது எங்கே போயிற்று? மனிதர் குடியிருந்த வீட்டுக்குப் பாலாலயம் எடுப்பார் யார்?

ஞாயிற்றுக்கிழமை சந்தை கூடியது. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அக்ரோட்டும் விற்றுக்கொண்டிருந்த ஒரு முதியவள், எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டாள். புதுச்சேரியில் கற்ற பிரெஞ்சில், கால்வாய் ஓரத்துத் தெருவில், கண்ணாடி அடைத்த மேல்மாடமுள்ள புதுப்பித்த வீடு என்று அடையாளம் சொன்னேன். அவளுக்கு அது விளங்கவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னபின் முகம் மலர்ந்து, "தோல் பதனிட்டவர்களின் வீடு என்று சொல்லுங்களேன்!" என்றாள். அங்கே தோல் பதனிட்டதை அவள் கண்டதில்லை. அவள் தாயும் கண்டதில்லையாம். ஆனாலும் அந்தத் தெருவில் வழி சொல்பவர் எல்லோரும் இன்றுவரை அந்தப் பெயராலேயே சொல்கிறார்கள். அது வெறும் பெயர்தானே என்று நாகசேனர் கேட்பார். வெறும் பெயராக எனக்குத் தோன்றவில்லை. கூரையற்றுக் கிடந்த நாட்களில் அந்த வீடு இவர்கள் வாயில் அல்லவா குடியிருந்தது!

அக்ரோட்டை நிறுத்துப் பையில் கொட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "மழை பெய்தால் மேல்மாடத்தில் தோல் வாடை வரும் என்று பாட்டி சொல்லுவாள். இப்போதும் வருகிறதா, ஐயா?"

இன்னும் மழை பெய்யவில்லை, அம்மா, என்றேன். அன்றிரவு பாறைகளுக்கு அப்பாலிருந்து மேகம் திரண்டு வந்தது. முதல் துளிகள் ஓட்டின் மேல் விழுந்தபோது, எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தேன்.