சராசரியின் பெயரால்

1956 பிப்ரவரியில் அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவி ஆதரீன் லூசி. வெறிக்கூட்டம் அவரைத் துரத்தியது. நிர்வாகமோ அவருடைய பாதுகாப்புக்காக என்று சொல்லி அவரையே இடைநீக்கம் செய்தது; பிறகு நீக்கியும் விட்டது. வன்முறை செய்தவர்கள் பிறர். படிப்பை இழந்தவர் அவர். பிறருடைய செயலுக்கு ஒருவர் விலை கொடுப்பது நியாயமா?

கூட்டமும் கூச்சலும் இல்லாமல் சிங்கப்பூரிலும் இக்கேள்வி எழுந்தது. இங்கே 1919ஆம் ஆண்டிலேயே லீ சூ நியோ மருத்துவம் முடித்து நாட்டின் முதல் பெண் மருத்துவரானார். கேகே மகப்பேறு மருத்துவமனையில் 1966இல் மட்டும் 39,835 குழந்தைகள் பிறந்தன. மகப்பேற்று மருத்துவத்தில் இவ்வளவு பெயர் பெற்ற நாட்டில்தான், 1979 முதல் மருத்துவப் படிப்பில் மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மேல் பெண்களுக்கு இல்லை என்ற வரம்பு வந்தது.

அரசு சொன்ன காரணத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. மருத்துவரை உருவாக்கப் பொதுப்பணம் பெருமளவில் செலவாகிறது. பெண்கள் குடும்பத்துக்காகப் பணியை விடுவது அதிகம் என்றார்கள். மருத்துவர் குறைந்தால் தவிப்பவர் நோயாளி.

ஆனால் பணியை விட்டவர் வேறொரு பெண். விண்ணப்பித்து நிற்கும் பதினெட்டு வயது மாணவி இன்னும் எதையும் விடவில்லை. சராசரி கூட்டத்தைப் பற்றித்தான் பேசும். இடம் மறுக்கப்படுவதோ ஒரு தனி மனுஷிக்கு. பணியில் நீடிக்க வேண்டுமென்றால் ஆண் பெண் இருவருக்கும் ஒரே ஒப்பந்தம் போடலாம். தாய்மாரும் தொடரக்கூடிய பணிநேரம் வகுக்கலாம். வீட்டுப் பொறுப்பை ஒரு பாலார் மேல் சுமத்திவிட்டு, சுமந்ததற்காகவே கதவை அடைப்பது இரட்டை அநீதி.

எலும்பு மருத்துவர் கன்வல்ஜித் சொயின் நியமன நாடாளுமன்ற உறுப்பினராக இந்த வரம்பை எதிர்த்துப் பேசினார். அவேர் மகளிர் அமைப்பும் போராடியது. 2003இல் வரம்பு நீங்கியது.

லூசியை விலக்கியவர்கள் யாரென்று உலகம் அறிந்தது. 1988இல் அவருடைய நீக்கத்தைப் பல்கலைக்கழகம் ரத்துசெய்தது. 1992இல் அங்கேயே அவர் முதுகலைப் பட்டம் பெற்றார். வரம்பால் இடமிழந்த மாணவிக்கோ, தன்னைத் தடுத்தது மதிப்பெண்ணா விதியா என்றே தெரிந்திருக்காது. தெரியாத இழப்புக்கு நியாயம் கேட்கவும் வழியில்லை. ஆகவே ஓசையில்லாத தடை சிறிய தடை ஆகிவிடாது. ஒருவரை விலக்கும் எந்த விதியையும், அதன் காரணத்தை அவர் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா என்று சோதித்த பிறகே இயற்ற வேண்டும்.