காலம் கடனைத் தீர்க்குமா?



சென்ற விடுமுறையில் நம் இளைஞரும் நாலைந்து குடும்பத்தாருமாகப் பொள்ளாச்சிக்கு மேலே இருக்கும் டாப் சிலிப்புக்குப் போய் வந்தது உங்களில் அநேகருக்குத் தெரியும். போகாதவர்களுக்கு அட்டை கடித்த கதையை மாத்திரமே சொல்லியிருப்பார்கள். அங்கே நடக்கும்போது ஒரு வாலிபன் என்னைக் கேட்ட கேள்வி இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

முதலில் அந்த இடத்தின் சங்கதி. டாப் சிலிப் என்பதே ஒரு தொழிலைக் குறித்து வந்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரத் துரைத்தனத்தார் ஆனைமலைத் தேக்கை வெட்டி, யானைகளைக் கொண்டு மலையுச்சிக்கு இழுப்பித்து, அங்கிருந்து சரிவிலே சறுக்கி விட்டார்கள். கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. பின்பு இருப்புப்பாதைக்குச் சிலீப்பர் கட்டை வேண்டியிருந்தது. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு, நம் அம்பத்தூர் ஆவடி வழியாக, தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் ஓடியதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். தண்டவாளம் நீள நீளக் காடு குறுகிற்று என்பதையும் சேர்த்துப் பேசவேண்டும்.

1915-ம் வருஷ வாக்கில் ஹியூகோ வுட் என்ற வன அதிகாரி அங்கே வந்தார். மரத்தை அடியோடு வெட்டாமல், தளிர்க்கும்படி அடிக்கட்டையை விட்டு வெட்டச் செய்தாராம். நடக்கும்போதெல்லாம் கைத்தடியால் மண்ணைக் குத்தித் தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே போவார் என்றும் சொல்லுகிறார்கள். 1933-ல் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அங்கே அடக்கம் செய்தார்கள். கல்லறையில் ஒரு லத்தீன் வாசகம் இருக்கிறது. லண்டன் அர்ச். சின்னப்பர் பேராலயத்தில், அதைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென் என்பவரின் கல்லறை மேல் பொறித்த அதே வாசகம். நினைவுச் சின்னம் தேடுகிறவன் சுற்றுமுற்றும் பார்க்கட்டும் என்பது அதன் கருத்து. செமினரியில் படித்த லத்தீன் அன்றைக்கு எனக்கு உதவிற்று!

அந்தக் கல்லறையருகில்தான் அந்த வாலிபன் கேட்டான்: “சாமி, இங்கே எவ்வளவோ வெட்டியிருக்கிறார்கள். இப்போது ஒரு தழும்புகூடத் தெரியவில்லையே. காலமே எல்லாக் கடனையும் தீர்த்துவிடும் போலிருக்கிறது. பிறகு ஈடு செய், ஈடு செய் என்று பாவசங்கீர்த்தனத்தில் ஏன் சொல்லுகிறீர்கள்?”

நியாயமான கேள்வி. பிராமிசரி நோட்டு மூன்று வருஷம் தாண்டினால் செல்லாது என்று நாட்டுச் சட்டமும் சொல்லுகிறதல்லவா? ஆம், வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆனால் திருச்சபையின் சட்டத் தொகுப்பில் (1983) 198-ம் விதியைப் பாருங்கள். காலாவதியை அதுவும் ஏற்கிறது. ஆயினும் ஆரம்பத்தில் மாத்திரமல்ல, அந்தக் காலம் முழுவதும் நல்லெண்ணம் இருந்திருக்க வேண்டும் என்கிறது. பிறன் பொருள் என்று அறிந்தே வைத்துக்கொண்டிருப்பவனுக்கு நூறு வருஷமும் ஒரு நாளும் ஒன்றுதான்.

இரண்டாவது, காடு தானாகத் திரும்பி வந்ததா? கண்ணைத் திறந்து நடந்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்: தேக்குத் தோட்டத்தில் மரங்கள் ஒரே வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல வரிசையாக நிற்கின்றன. அங்கிருந்து கரியன் சோலைக்குள் நுழைந்தபோது நம் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அங்கே கிழமரமும் கன்றும் கொடியும் பாசியும் ஒன்றின்மேல் ஒன்றாய், வெயிலே தரையில் படாமல் இருக்கிறது. தொலைந்தது அந்த மாதிரிக் காடு, வந்தது தேக்கு. நட்டவர் செய்தது பெரிய நன்மைதான், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எடுத்ததற்கு ஒப்பானது திரும்பி வரவில்லை.

காடரும் மலசரும் காலங்காலமாக வாழ்ந்த காடு அது. மரம் நட்டதனால் அவர்களுக்கு என்ன திருப்பிக் கொடுக்கப்பட்டது? இன்றைக்கும் கோழிகமுத்தி முகாமில் யானைகளைப் பார்த்துக்கொள்ளும் மாவுத்தர்களில் பலர் மலசர்தாம். 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டுவாசிகளுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று தன் முகவுரையிலேயே ஒப்புக்கொண்டது. மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், 2015-ல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சீ’ நிருபத்தில், இயற்கையைச் சுரண்டிய செல்வ நாடுகள் ஏழை நாடுகளுக்குக் கடன்பட்டிருக்கின்றன என்றார். பச்சை இலை மூடிவிட்டால் கணக்கு முடிந்தது என்று அவர் எண்ணவில்லை.

சரி, திருப்பிக் கொடுக்கவே முடியாததை என்ன செய்வது? இதற்கு அர்ச். தோமாஸ் அக்வினாஸ் தமது பெரிய நூலில் விடை எழுதியிருக்கிறார். ஒருவனுடைய அவயவத்தைப் போக்கியவன் அவயவத்தைத் திருப்பித் தரமுடியாது. ஆகையால் இருவருடைய நிலைமையையும் எண்ணி, நல்ல மனிதன் ஒருவன் தீர்ப்பின்படி, பணத்தினாலோ மரியாதையினாலோ கூடியமட்டும் ஈடு செய்யவேண்டும் என்கிறார்.

அவயவம் என்று அவர் எடுத்த உதாரணம் நமக்குத் தூரமானதல்ல. 1964-ல் அம்பத்தூர் எஸ்டேட் வந்த நாள் முதல் நம் வீட்டு ஆண்பிள்ளைகள் பவர் பிரஸ்ஸின் முன்னால் நின்றுதான் குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். நான் முன்பு இருந்த ஒரு பங்கில், வலது கையில் இரண்டு விரல் இழந்த ஒரு தொழிலாளி இருந்தார். வேகமாக ஓட்டுவதற்காக மிஷினின் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்களாம். இ.எஸ்.ஐ. கார்டு போடவில்லை. ஆஸ்பத்திரிச் செலவும் ஒரு மாதச் சம்பளமும் கொடுத்ததோடு சரி. வருஷங்கள் கழித்து அவர் என் அறைக்கு வந்து இதைச் சொன்னார். (பாவசங்கீர்த்தனத்தில் அல்ல, நாற்காலியில் உட்கார்ந்து சொன்னது.) நான் என்ன சொன்னேன் தெரியுமா? “மன்னித்துவிடுங்கள், எல்லாம் பழைய கதை” என்றேன்.

“மன்னித்து ரொம்ப நாள் ஆச்சு சாமி. காயமும் ஆறிடுச்சு. சட்டைக்குப் பட்டன் போடத்தான் இன்னும் வீட்டுக்காரி வரணும்” என்றார் அவர்.

அந்த முதலாளியும் அதே பங்கைச் சேர்ந்தவர். திருவிழாவுக்குத் தாராளமாகக் கொடுப்பார். நானே பீடத்திலிருந்து அவரை மெச்சிப் பேசியிருக்கிறேன். கடன் பெறவேண்டியவன் யாரென்றே தெரியாதபோது அதைத் தர்மமாகக் கொடுக்கலாம் என்று அர்ச். தோமாஸ் சொல்லுகிறார். அவன் அடுத்த தெருவில் இருக்கும்போது கோயிலுக்குக் கொடுத்தால் கணக்கில் வராது. சக்கேயு எப்படி நாலத்தனையாய்க் கொடுக்கத் துணிந்தார்? ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தி என்று ஒரு தனிக் கணக்கு. வஞ்சிக்கப்பட்டவனுக்கு நாலு மடங்கு என்று வேறொரு கணக்கு. இரண்டையும் அவர் கலக்கவில்லை. நான் கலந்தேன். பாதிக்கப்பட்டவனிடம் மன்னிப்பைக் கேட்டு வாங்கினேன். கடன்பட்டவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அவர் கொடுத்த பணத்தில் கொடிமரத்துக்கு வர்ணம் அடித்தோம்.

டாப் சிலிப்பிலிருந்து திரும்பிய வாரமே பூந்தமல்லியில் பஸ் ஏறி அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குப் போனேன். என் தவறைச் சொன்னேன். காபி கொடுத்தார்கள். இதை எழுதலாமா என்று கேட்டதற்கு, “எழுதுங்க சாமி, பேரை மட்டும் போடாதீங்க” என்றார். அவருடைய மகள் ஐ.டி.ஐ.-யில் சேர விரும்புகிறாள். முதலாளிக்கும் ஒரு கடிதம் எழுதித் தபாலில் போட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.