மெழுகில் பதிந்த முத்திரை

கேப்டோபிரில் என்னும் இரத்த அழுத்த மருந்து பாம்பு நஞ்சிலிருந்து பிறந்தது என்பர். ஆனால் அந்த மூலக்கூறில் பாம்பின் அணு ஒன்றுகூட இல்லை என்னும்போது, 'பிறந்தது' என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பது வேதியியலைவிட மெய்யியலுக்கே உரிய கேள்வி. புலனறிவை விளக்கவந்த அரிஸ்டாட்டில், மோதிரத்தின் பொன்னையோ இரும்பையோ பெறாமல் அதன் முத்திரையை மட்டும் மெழுகு ஏற்பதை உவமையாகக் காட்டினார். இம்மருந்தும் அத்தகைய மெழுகுதானா?

இரத்தக் குழாய்களை விரியச்செய்யும் பிராடிகைனின் என்ற பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்களின் சிறு சங்கிலி, உடலில் விரைவில் சிதைந்துவிடும். அதன் செயலை வலுப்படுத்தும் பொருள் பிரேசிலின் ஜரராக்கா விரியனின் நஞ்சில் இருப்பதை 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா அறிவித்தார். குழாய்களைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினை உருவாக்குவதும் பிராடிகைனினைச் சிதைப்பதும் ஒரே நொதி என்பதும், நஞ்சுப்பொருள் அந்நொதியை முடக்குகிறது என்பதும் பின்னர் தெளிவாயின. ஸ்குவிப் நிறுவனத்தார் ஆய்வுக்கூடத்தில் தொகுத்த டெப்ரோடைட் என்ற சோதனை மருந்து, நஞ்சிலுள்ள ஒன்பது அமினோ அமிலச் சங்கிலி ஒன்றின் நேர்ப்படியே; வாய்வழி பயன்தராததால் அதை ஊசியாகவே செலுத்தவேண்டியிருந்தது. இதுவரை உவமை பிசகவில்லை.

அடுத்த படியில் பிசகுகிறது. ஸ்குவிப் ஆய்வாளர்களான குஷ்மனும் ஒண்டெட்டியும் நகலெடுப்பதை விட்டுவிட்டு, துத்தநாக அயனியைக் குழிவில் ஏந்திய ஒரு செரிமான நொதியைப் போன்றதே இந்நொதியும் என்று ஊகித்து, அக்குழிவுக்கு இசையும் சிறு மூலக்கூறை வரைந்தனர். துத்தநாகத்தைப் பற்றும் முனையில் கார்பாக்சில் தொகுதியை நீக்கிக் கந்தகமுள்ள தயால் தொகுதியை வைத்ததும் வீரியம் ஏறத்தாழ 1000 மடங்கு உயர்ந்தது. மெத்தாக்ரிலிக் அமிலத்தோடு தயோஅசிட்டிக் அமிலத்தைச் சேர்த்து, விளைந்ததைப் புரோலின் என்ற அமினோ அமிலத்துடன் பிணைத்து, கந்தகத்தை மூடியிருந்த அசிட்டைல் தொகுதியை அம்மோனியாவால் கழற்றும் இத்தொகுப்பில், நஞ்சுச் சங்கிலியின் வால்முனையிலிருந்த புரோலின் மட்டுமே பழைய உறவுக்குச் சான்று. முத்திரை பாம்பினுடையது அன்று, மனித உடலின் குழிவினுடையது. அக்குழிவோ படிகப் படத்தில் 2003இல்தான் கண்ணுக்குப் புலப்பட்டது.

பிறப்பு பற்றிய இக்கேள்வி நடைமுறையிலும் எழும்: விலங்குப் பொருள்களை விலக்கும் நோன்புடையோர்க்கு இந்த மூலக்கூறில் தடையேதும் இராது. நஞ்சு கறக்கப்பட்ட பாம்புகளையும் சோதனைக்கு ஆளான விலங்குகளையும் சேர்த்து எண்ணுவோர்க்கு அவ்வளவு எளிதில் விடை கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

மருந்துண்போரில் சிலருக்கு வறட்டு இருமல் வருகிறது; சிதையாமல் தேங்கும் பிராடிகைனினே அதற்குக் காரணம் என்று பெரிதும் கருதப்படுகிறது. பாம்பின் பொருளும் போய், வடிவமும் பெரும்பாலும் போனபின், ஜரராக்காவின் நஞ்சு செய்துவந்த வேலை மட்டும் நோயாளியின் தொண்டையில் நடந்துகொண்டிருக்கிறது.